மறுபடி வாசிக்காத கிதார்

எட்வின் ஜெயசீலன் கண்டுபிடித்த கிதார், ஒரு கை ஒருமுறை வாசித்த மெட்டை அதே கைக்கு மறுபடி வாசிக்காது. கம்பி அதிரும், சத்தம் வராது. ஜாஸ் படிக்க வந்த மாணவர்கள் அரைத்த மாவையே அரைத்துக்கொண்டிருந்த எரிச்சலில் அவர் செய்தது அது. இப்போது கடைகளில் வேறு கிதாரே கிடைப்பதில்லை.

பெரம்பூர் வீட்டில் ஒரு ஞாயிறு மாலை மனைவி பிலோமினா கேட்டாள்: "என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்ப வாசிச்சீங்களே, அதை இன்னொரு தடவை வாசிங்களேன்."

"அதையும் இதுலதானே வாசிச்சேன்? என் கைக்கு இனிமே வராது."

"என் கைக்கு?"

எட்வின் அவள் விரல்களைப் பார்த்தார். அவை கிதாரைத் தொட்டதே இல்லை. பழகிப் பார்க்கவும் முடியாது. பழகினாலே மெட்டு தீர்ந்துவிடும். அதனால் பூரிக்கட்டையைக் கிதாராகப் பிடிக்கச் சொல்லி, மெட்டை வாயால் முனகியபடி விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஈஸ்டர் அன்று அவள் நிஜக் கிதாரை மடியில் வைத்து வாசித்தாள். தட்டுத்தடுமாறித்தான் வந்தது, ஆனால் சத்தத்தோடு வந்தது. எட்வின் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். கடைசிச் சுரத்துக்கு முன் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஏன் நிறுத்திட்ட? இன்னும் ஒண்ணு இருக்கே!"

"இருக்கட்டும். அதையும் வாசிச்சுட்டா முடிஞ்சுபோயிடும்ல?" என்று கிதாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

வாழ்நாளெல்லாம் புதுசைத் தேடியே வாசித்தவர், மனப்பாடமாகத் தெரிந்த ஒரே ஒரு சுரத்துக்காக அன்று முழுக்க அவள் பின்னாலேயே சுற்றிக்கொண்டிருந்தார்.