மூன்றாவது வைஃபை பெட்டி

மூன்றாவது வைஃபை பெட்டியைப் பச்சைக் குழந்தை போல மார்போடு அணைத்தபடி தேசப்பன் மாடிப்படியில் நிற்கிறார். சுனாமிக்குப் பயந்து அவர் கட்டிய மூன்று மாடி வீடு இது. எண்ணூரில் கிடைத்த கம்பியெல்லாம் இதன் சுவருக்குள்தான் கிடக்கிறது. கடலையே மறிக்கும் சுவரை வைஃபை எப்படித் தாண்டும்? கீழே வைத்த இரண்டு பெட்டிகளும் மாடிக்கு எட்டவில்லை. இதைப் பீரோ தலையில் வைத்தாலும் அரிசி டிரம்மில் வைத்தாலும் பெட்டியில் சிவப்பு விளக்கே எரிகிறது. மொட்டை மாடியில், அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த கைப்பிடிச் சுவரோரம், சிம் இல்லாத பழைய போனோடு அவர் மனைவி முத்தம்மா கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அடிவானத்தில் தீப்பெட்டி அளவில் நிற்கும் கப்பலில்தான் மகன் திருமுருகன் வேலை செய்கிறான். எட்டு மாதம் கழித்து இவ்வளவு பக்கத்தில் வந்தும் கரையிறங்க அனுமதி இல்லை. வெயில் சாய்ந்ததும் கப்பல் கிளம்பிவிடும். அதைப் பார்த்துக்கொண்டே அவன் குரலைக் கேட்க வேண்டும் அவளுக்கு.

"யோவ், கப்பல் போனப்பறம் வெச்சு இன்னா பண்றது?"

"வலை போட எடம் பாக்கறவனை அவசரப்படுத்தாதமே."

ஒயரை இழுத்து, கடைசிப் படியில் கவிழ்த்த மீன்கூடையின் மேல் பெட்டியை வைக்கிறார். சிவப்பு சிமிட்டிச் சிமிட்டி நீலமாகிறது. உடனே போன் அலறுகிறது.

"யம்மா, மேல்தட்டுல நிக்கிறேன். நம்ம வூடு எங்க கீது?"

கொடியில் காயும் சிவப்புப் போர்வையை உருவி, காற்றே கிழிந்துபோகும்படி வீசுகிறாள் முத்தம்மா. "தெரியுதாடா?"

போனில் காற்றின் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வருகிறது. "தெரியுதும்மா. நல்லா தெரியுது."

அந்தத் தூரத்திலிருந்து பார்த்தால் கரையில் யானை நின்றாலும் தெரியாது என்பது நாற்பது வருடம் கடலில் கிடந்த தேசப்பனுக்குத் தெரியும். அவரும் மாடிக்கு ஏறிப் போய், போர்வையின் மறுமுனையைப் பிடித்து வீசத் தொடங்குகிறார்.