காலி அறையின் ஓசை

கல்லூரி ஒலிப்பதிவுக் கூடத்தின் பொறுப்பாளர் பட்டியலைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே ஊடகவியல் மூன்றாமாண்டு மாணவி. பக்கத்தில் அவள் அம்மா.

“முதல் வருஷம் நீ முட்டை வாங்கின பதிவு. அது இப்ப எதுக்கும்மா?”

“வேணும் சார்.”

“காலி அறையோட அமைதியை ஒரு நிமிஷம் பதிவு பண்ணச் சொன்னா, நடுவுல பேச்சுச் சத்தம். முட்டை போடாம என்ன செய்வாங்க? நீங்களே சொல்லுங்கம்மா.”

“தப்பு என்னோடதுதான் சார்,” என்றாள் மகள்.

“அம்மாவைக் கேட்டா நீ பதில் சொல்றே. அவங்களையும் கொஞ்சம் பேச விடேன்.”

அம்மா லேசாகச் சிரித்தாள். அவர் பழைய பதிவுகளைத் துழாவி, அதைக் கண்டுபிடித்து ஓடவிட்டார். முதலில் மின்விசிறியின் இரைச்சல் மட்டும் கேட்டது. இருபதாவது விநாடியில் ஒரு குரல் வந்தது.

“ஏய் வாயாடி, கதவைச் சாத்திக்கிட்டு என்ன பண்றே? சாப்பாடு ஆறுது, வா.”

அம்மா நாற்காலியை இழுத்து ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

“யார் குரல் இது?”

“அம்மாவோடது சார். போன வருஷம் தொண்டையில ஆபரேஷன். அதோட குரல் போயிடுச்சு. வீட்டுல வேற பதிவே இல்லை.”

இன்னொரு தடவை என்று அம்மா ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள்.