நீலப் பாஸ்போர்ட்

என் அண்ணன் கட்டிவந்த அமெரிக்காக்காரி மெரடித். அவள் மகனின் அமெரிக்கப் பாஸ்போர்ட்டைப் பார்த்தாலே ஒரு காலத்தில் எனக்கு வயிறெரியும்.

அன்று சமையலறை மேசை முழுக்கக் காகிதம் பரப்பியிருந்தாள்.

“நம்ம ஊரு அல்மாட்டியில குடியிருந்துக்கிட்டு அமெரிக்காவுக்கு எதுக்கு அண்ணி வரிக்கணக்கு?”

“குடிமக்கள் எங்க இருந்தாலும் எழுதணும், சௌலே. பையன் பேர்ல இருக்கற பேங்க் பணத்தக்கூட சொல்லணும்.”

எனக்குக் குளுகுளுவென்றிருந்தது. “என் மக பேர்ல மாமனார் ரெண்டு வீட்டு வாடகையப் போடறாரு. நாங்க யாருக்கும் பதில் சொல்ல வேணாம்ப்பா!”

மெரடித் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “அவள எங்க போய்ப் பெத்த, மறந்துட்டியா?”

மறப்பேனா? அங்கே பிறந்தாலே குடியுரிமை, இவள் மகனுக்கு இருக்கும் நீலப் பாஸ்போர்ட் என் பிள்ளைக்கும் வேண்டுமென்று, வயிற்றை மேல்கோட்டில் மறைத்துக்கொண்டு சிகாகோவுக்குப் பறந்தவள் அல்லவா நான்!

அண்ணி சிரிக்காமல் பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.