பாத்துக்கும்

கொட்டாவி வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். செத்தவன் கொட்டாவி விடமாட்டான்.

விடிந்ததிலிருந்து கூடத்துத் தரையில் மல்லாந்து கிடக்கிறேன். காதோரம் கைப்பேசி. நேர் மேலே, கூரையில், டப்பா மூடி மாதிரி ஒரு வெள்ளை வட்டம். அதில் ஒரு சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு மினுக்கும்.

மகன் போன தடவை வந்தபோது ஏணி போட்டு ஏறி அவன் கையாலேயே முடுக்கிய சாமான். இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டே சொன்னான்.

"இனிமே கவலை இல்லப்பா. இது பாத்துக்கும்."

சொல்லிவிட்டு விமானம் ஏறிப் போனான்.

பாத்துக்கும் என்றால் பார்க்கும். படிப்பு எனக்குக் கம்மிதான், அதற்காக இதுகூடவா புரியாது? அங்கே எங்கேயோ உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் சட்டை போட்டேன். சாப்பிட்ட தட்டை அதற்கு நேரே தூக்கிக் காட்டினேன், மிச்சம் வைக்கவில்லை என்று தெரியட்டும். சிகரெட்டைக் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு குடித்தேன்.

ஆனாலும் நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பார்க்கிறவன் ஒரு நாளாவது கூப்பிட்டு, ஏம்பா அதே சட்டையையே போட்டிருக்கே என்று கேட்கமாட்டானா? நானாகக் கூப்பிட்டால் மீட்டிங்கில் இருக்கிறான். எப்போது கூப்பிட்டாலும் மீட்டிங்.

அதனால்தான் இந்தச் சோதனை. அசையாமல் கிடப்பேன். பார்க்கிறவனாக இருந்தால் பதறிக்கொண்டு கூப்பிடுவான். கூப்பிடாவிட்டால், அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

செத்த மாதிரி கிடப்பது சுலபம் என்று நினைத்தேன். உடம்பு விட்டால்தானே.

முதலில் மூச்சு. அடக்க அடக்க நெஞ்சு துருத்தி மாதிரி தூக்கியது. மேலேயிருந்து தெரிந்துவிடப் போகிறதே என்று பாதிப் பாதியாக விட்டேன். மூக்கு நுனியில் ஒரு ஈ வந்து உட்கார்ந்து கை தேய்த்தது. ஜன்னல் வெயில் நகர்ந்து நகர்ந்து முகத்தில் ஏறியது. தொட்டிச் செடிகூடத் தனக்குத் தோதாகத் திரும்பிக்கொள்ளும், எனக்கு அதுவும் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. வயிறு கூப்பாடு போட்டது. எல்லாவற்றுக்கும் மேலே மூத்திரம். இந்த வயசில் அது யார் பேச்சையும் கேட்காது.

இத்தனை காலம் கூடவே இருந்த உடம்பு. ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம் அது என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

டொக். டொக். தரைக்கு அடியிலிருந்து இடித்தது. முதுகெலும்பில் ஏறியது.

கீழ்வீட்டுத் தையல்காரி. அவளுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். காலையில் எழுந்து நான் நாலு எட்டு வைத்தால் போதும், துடைப்பக் கட்டையால் அவள் வீட்டுக் கூரையில் தட்டுவாள். நடக்காதே என்று திமிர். நானும் விடமாட்டேன், வேண்டுமென்றே ஓங்கி இரண்டு மிதி மிதிப்பேன்.

இன்றைக்கு நடக்காதபோதே தட்டுகிறாள் பார். கொழுப்பு.

மறுபடி தட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். செத்தவன் மிதிக்க முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

போன் ஊமையாகவே இருந்தது. ஒருவேளை சார்ஜ் இல்லையோ? செத்தவன் எப்படிப் பார்ப்பான்?

கதவை யாரோ இடித்தார்கள். உடம்பு தூக்கிப்போட்டது. மகன் ஆள் அனுப்பிவிட்டான்! உடைக்க வேண்டாமே என்று தாழ் போடாமல்தான் வைத்திருந்தேன். கண்ணை இறுக்கி மூடினேன்.

"அய்யய்யோ! பெரியவரே!"

தையல்காரி. மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். விரலில் ஒட்டியிருந்த நூல் பிசிறு உள்ளே போய் ஒரு தும்மல் வந்தது பாருங்கள், அவள் பின்னால் உட்கார்ந்தேவிட்டாள்.

"உசுரோடதான் இருக்கீங்களா! எதுக்கு இப்படிக் கெடக்கீங்க?"

"மெதுவா பேசு. மேல மகன் பாக்கறான்."

அவள் அண்ணாந்து பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை.

"அது பாக்காது பெரியவரே. புகை வந்தா கத்தும், அவ்ளோதான். என் வீட்லயும் ஒண்ணு இருக்கு. பால் தீஞ்சா ஊரையே கூட்டும்."

நான் நம்பவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி அந்த வட்டத்தின் நடுவில் அமுக்கினாள். காது கிழிகிற மாதிரி அலறியது. கையை எடுத்தாள். அடங்கியது.

போன் அடிக்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாமல் அவள் மேல் எரிந்து விழுந்தேன்.

"நீ எதுக்கு வந்தே? நான்தான் இன்னிக்கு நடக்கவே இல்லையே!"

"அதான் வந்தேன்," என்றாள். "தெனமும் ஒரு தட்டு தட்டுவேன். நீங்க ரெண்டு மிதி மிதிப்பீங்க. சரி, மனுசன் எந்திரிச்சுட்டாருன்னு போய் மெஷின்ல உக்காருவேன். இன்னிக்குத் தட்டித் தட்டிப் பாத்தேன், பதிலையே காணோம்."

நாற்காலியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

நான் முதலில் கழிவறைக்குப் போனேன். வந்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன்.

கீழே மெஷின் ஓடத் தொடங்கியது.

அவள் சொன்னதை மட்டும் உடனே நம்பிவிட முடியுமா? கூடத்து நடுவில் போய் நின்று, குதிகாலால் ஓங்கி ஒரே ஒரு மிதி மிதித்தேன்.

மெஷின் நின்றது.