முட்டைக்கு எத்தனை கஜம்?

கோல்ஃப் மைதானத்துப் புல்லில் ஓர் ஆள்காட்டிக் குருவி அடைகாத்துக்கொண்டிருந்தது. நான்கு பேர் ஆட வந்து, பக்கத்தில் மட்டைப் பையை நிறுத்தினார்கள். தூரத்துக் குழியில் ஒரு கொடி பறந்தது; பையில் ஒரு ஜிபிஎஸ் கருவி தொங்கியது.

"கொடிக்கு நூற்று நாற்பது கஜம்," என்றது கருவி.

குருவிக்குச் சுருக்கென்றது. "கொடிதான் கண்ணுக்கு நேரே தெரிகிறதே! அதைப் போய் யாராவது அளப்பார்களா? நீ வேறு எதையோ அளக்கிறாய்."

"ஆட்டக்காரர் கேட்கிறார், சொல்கிறேன். உன் முட்டைக்கும் எனக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"முட்டை என்று நான் சொன்னேனா? பார், உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது!"

இரண்டாம் ஆளுக்குக் கருவி தூரம் சொன்னதும் குருவி விருட்டென்று எழுந்து, வட்டமடித்துக் கத்திவிட்டு, அதே இடத்தில் வந்து உட்கார்ந்தது. மூன்றாம் ஆளுக்குச் சொன்னபோதும் அப்படியே. வேப்பமரத்துக் காகம் குருவி எழுவதையும் உட்காருவதையும் பார்த்துக்கொண்டிருந்தது.

நான்காம் முறை குருவி கத்திக்கொண்டு எழுந்ததும் காகம் இறங்கியது.

முட்டை ஓடுகள் மட்டும் மிஞ்சின. ஆட்டக்காரர்கள் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த குழிக்குப் போய்விட்டார்கள். பை போன திசையையே குருவி முறைத்தது.

"எனக்கு அப்போதே தெரியும்," என்றது. "காகத்திடம் இடத்தைச் சொன்னது அந்தக் கருவிதான்."