நழுவிட்டா?

எட்டாம் மாதமே பிறந்துவிட்ட குழந்தையை, உடல்சூடு கிடைப்பதற்காகத் தாய் ராஜலட்சுமியின் வெற்று நெஞ்சில் படுக்கவைக்க வந்தாள், அந்த ஓசூர் மருத்துவமனையின் நர்ஸ் மேகலா.

"வேணாம் மேகலா. ஒன்னரை கிலோகூட இல்ல, நழுவிட்டா?"

"நழுவாதுக்கா. துணியால சேத்துக் கட்டிடறேன்."

"மூச்சு முட்டிச்சுன்னா?"

"தலைய ஒரு பக்கமாத் திருப்பி வெச்சிடலாம்."

"அவருகிட்டயே குடுத்துடேன்!"

ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்த கணவன் கமலக்கண்ணன் ஆவலாகச் சட்டைப் பொத்தானைக் கழற்றினான்.

"அண்ணா, உங்க முறை சாயங்காலம்" என்று அவனை அடக்கிவிட்டு, மேகலா குழந்தையைத் தாயின் நெஞ்சில் சாய்த்தாள். அது உடனே தூங்கிப்போனது. ராஜலட்சுமிக்குக் கண் நிறைந்தது.

"ஏங்க்கா, இந்த வார்டுக்கு வர்ற அம்மாங்களுக்கெல்லாம் பன்னெண்டு வருஷமா இதைச் சொல்லிக்குடுக்கற ஹெட் நர்ஸே நீங்கதான். நீங்களே பயந்தா எப்படி?"

குழந்தை விழித்துவிடாதபடி மெல்லச் சொன்னாள் ராஜலட்சுமி: "அதெல்லாம் அடுத்தவங்க புள்ளைங்கடி!"