பதினேழாவது சுவை

மேலாளர் என்னை அறைக்கு வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார்.

“பதினஞ்சு நிமிஷம். உள்ள யாரும் இருக்கக் கூடாது. அப்பதான் அது சோதனை.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் வெறும் தானியத் தீவனம். மற்றதில் அதே தீவனம், மேலே நான் உருவாக்கிய பதினேழாவது சுவை. எது எதில் என்று இன்று எனக்குச் சொல்லவில்லை.

நடுவே மாமியார்.

எதை வைத்தாலும் முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நாய்க்கு வேறு என்ன பெயர் வைப்பது? எங்கள் தீவனத் தொழிற்சாலையில் ருசி பார்க்க வளர்க்கும் நாய்களில் மூத்தது அது. இறைச்சி தின்றால் தோல் வெடித்துப் புண்ணாகிறது. இறைச்சியில்லாத தீவனத்தையோ ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

இன்றும் தின்னாவிட்டால் நாளைக் காலை ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்துவிட்டேன். சோதனை நாய் வாசலைத் தாண்டக் கூடாதாம்.

பதினாறு சுவைகளை மாமியார் ஒதுக்கித் தள்ளியது. பதினேழாவதற்கு ஈஸ்ட்டைச் சர்க்கரையோடு சிவக்க வறுத்து, காளான் பொடி சேர்த்தேன். இறைச்சிக் கடை தோற்றுப்போகும் வாசனை. கிண்ணத்தின் பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இதையாவது தின்னு தாயே என்று கெஞ்சினேன்.

தின்றது.

அன்றிலிருந்து மூன்று வாரம், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, தினமும் கிண்ணம் காலி. காய்ச்சலில் நான் வராத இரண்டு நாளும்கூடக் காலி என்றுதான் நோட்டில் இருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது மாமியார் இடது கிண்ணத்தை முகர்ந்தது. வலது கிண்ணத்தை முகர்ந்தது. இரண்டையும் விட்டுவிட்டுக் கதவருகே போய்ப் படுத்துக்கொண்டது.

ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம்.

கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவர் என் காதருகே குனிந்தார்.

“நீங்க வராத ரெண்டு நாளும் அது வாயே வைக்கல, மேடம். நான்தான் கொட்டிட்டு, தின்னுடுச்சுன்னு எழுதிட்டேன். பொழைச்சுக் கெடக்கட்டுமேன்னு...”

மேலாளர் தாளில் இரண்டு பூஜ்யம் போட்டு, கையெழுத்திட்டு, மாடியேறிப் போனார்.

நான் உள்ளே ஓடிப்போய், கண்ணில் பட்ட கிண்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கெஞ்சக்கூட இல்லை. மாமியார் எழுந்து வந்தது. என் முழங்காலை ஒருமுறை முகர்ந்தது. அந்தக் கிண்ணத்தைத் துளி மிச்சமில்லாமல் தின்று தீர்த்தது.

கூண்டுக்காரர் மாடிவரை ஓடித் திரும்பி வந்தார். ஆள் உட்கார்ந்தால்தான் தின்னும் என்றால் அந்த நாய் சோதனைக்கு ஆகாது, காலையில் ஊசிதான் என்றாராம் மேலாளர்.

அழுகையை அடக்கிக்கொண்டு, கழுவுவதற்காகக் கிண்ணத்தைக் கவிழ்த்தேன். அடியில் சீட்டு ஒட்டியிருந்தது.

அதில் பதினேழு இல்லை.

‘வெறும் தீவனம்’ என்று இருந்தது.